கைதி குறைந்தால் செலவு குறையுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சிறைகளில் கைதிகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்று படித்தேன். ஆனால் அந்த மாநில பட்ஜெட்டில் சிறைத்துறைக்கான ஒதுக்கீடு மட்டும் குறையவில்லையாமே, ஏன்?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். 2006இல் 1,70,000ஐத் தாண்டியிருந்த எண்ணிக்கை இப்போது ஒரு லட்சத்துக்கும் கீழே இருக்கிறது. ஒரு கைதிக்கு ஆண்டொன்றுக்கு ஆகும் சராசரிச் செலவோ ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. இந்தச் சராசரி, மொத்தச் செலவைத் தலைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது. ஒரு கைதி விடுதலையாகிப் போனால் அவருடைய உணவு, உடை, கொஞ்சம் மருந்து ஆகியவற்றுக்கான தொகைதான் அரசுக்கு உடனே மிஞ்சும். அவர் இருந்த கட்டடத்தின் காவலர்கள், கண்காணிப்புக் கோபுரம், மின்சாரம், பராமரிப்பு எல்லாம் மிச்சமுள்ளவர்களுக்காகத் தொடர்ந்தே ஆக வேண்டும். ஒரு பகுதியையே பூட்டும்போதுதான் காவலர் பணியிடங்கள் குறையும். சிறையையே மூடினால்தான் சொல்லிக்கொள்ளும்படியான தொகை கைக்கு வரும். சராசரியை விடுதலையானவர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, இத்தனை கோடி மிச்சம் என்று பேசுவோரை நம்ப வேண்டாம்.

கலிஃபோர்னியாவில் இன்னொரு காரணமும் உண்டு. அங்குள்ள சிறைகள் ஒரு காலத்தில் தம் கொள்ளளவைப் போல் ஏறத்தாழ இரு மடங்குக் கூட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. உடற்பயிற்சிக் கூடங்களில்கூட அடுக்குக் கட்டில்களைப் போட்டு ஆட்களை அடைத்திருந்தார்கள். கைதிகளின் எண்ணிக்கை வடிவமைப்புக் கொள்ளளவில் 137.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கீழ் நீதிமன்ற ஆணையை 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகுதான் குறைப்பு வேகமெடுத்தது. எனவே முதலில் போனது நெரிசல்தானே தவிர, எந்தச் சிறையும் காலியாகிவிடவில்லை. மாநிலத்துக்குச் சொந்தமான சிறைகளில் ஒன்று, டிரேசி நகரில் இருந்தது, மூடப்பட்டது 2021இல்தான். இதனிடையே சிறை மருத்துவம் 2006 முதல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் பொறுப்புக்குப் போனது. பல்லாண்டுகள் புறக்கணித்த மருத்துவத்தைச் சீர்செய்யப் பணம் தேவைப்பட்டது. கைதிகளுக்கு வயதாகிக்கொண்டிருப்பதையும் காவலர் ஊதியம் ஏறிக்கொண்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2014இல் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய ஒரு சட்டம், சிறு குற்றங்களுக்கான தண்டனையைக் குறைத்ததோடு, அதனால் மிச்சமாகும் தொகையை நிதித்துறை ஆண்டுதோறும் கணக்கிட வேண்டும் என்றும், அதில் 65 சதவீதம் மனநல, போதை மீட்புச் சிகிச்சைகளுக்கும், 25 சதவீதம் மாணவர்களைப் பள்ளியில் தக்கவைக்கும் திட்டங்களுக்கும், 10 சதவீதம் குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் சேவைகளுக்கும் போக வேண்டும் என்றும் விதித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எது மிச்சம் என்பதிலேயே நிதித்துறையும் சட்டமன்றத்தின் ஆய்வு அலுவலகமும் முதல் கணக்கிலேயே வேறுபட்டன. காரணம் மேலே சொன்ன அதே சராசரிச் சிக்கல்தான்.

கேள்வி: தண்டனையில் கடுமை காட்டும் டெக்சாஸ், புதிய சிறைகள் கட்டுவதைத் தவிர்த்தது எப்படி?

பதில்: டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாட்கள் கூடி, இரண்டு ஆண்டுகளுக்கான பட்ஜெட்டை ஒரே மூச்சில் நிறைவேற்றும். 2007இல் அப்படிக் கூடியபோது, 2012க்குள் சிறைகளில் சுமார் 17,000 படுக்கைகள் பற்றாக்குறையாகும் என்ற அதிகாரபூர்வ மதிப்பீடு மேசைமேல் இருந்தது. குடியரசுக் கட்சியின் ஜெர்ரி மேடனும் ஜனநாயகக் கட்சியின் ஜான் விட்மயரும் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். புதுக் குற்றம் செய்யாமல், சிறைக்குப் பதிலாக வெளியில் வைத்துக் கவனிக்கும் நன்னடத்தைக் கண்காணிப்பின் நிபந்தனைகளை மீறியதற்காகவே உள்ளே வந்தவர்கள் பலர். சிகிச்சை முடித்தால் பரோல் என்று முடிவான பிறகும் சிகிச்சைக்கு இடமில்லாமல் சிறையிலேயே காத்திருந்தவர்களும் இருந்தார்கள். எனவே சட்டமன்றம் போதை மீட்புச் சிகிச்சைக்கும் சிறைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட கண்காணிப்பு விடுதிகளுக்கும் மாற்றுத் தண்டனைகளுக்கும் 24 கோடியே 10 லட்சம் டாலரை ஒதுக்கியது. முன்கணித்த நெரிசல் வரவில்லை; 2011இல் சுகர்லேண்ட் சிறை மூடப்பட்டது.

நாடு முழுவதுமே குற்றங்கள் குறைந்துவந்த காலம் அது என்பதால், புகழ் முழுவதையும் இந்த ஒதுக்கீட்டுக்கே கொடுக்க முடியாது. ஆனால் கணக்கு வகையில் டெக்சாஸுக்கு ஒரு சாதகம் இருந்தது: கட்டாத சிறையில் காவலருக்கு ஊதியம் இல்லை. கட்டியதை மூடுவதற்கு ஊழியர் சங்கமும், அந்தச் சிறையை நம்பிப் பிழைக்கும் ஊரும் குறுக்கே நிற்கும். திட்டமாக மட்டுமே இருப்பதைக் கைவிட ஒரு வாக்கெடுப்பு போதும்.

கேள்வி: அமெரிக்காவில் காவல்துறை நகராட்சியிடம் இருக்கிறது என்றால் அங்கே மாநில அரசுக்கு என்னதான் செலவு?

பதில்: பொதுவாக நகரக் காவல் நகரத்தின் செலவு, ஷெரிஃப் என்னும் கவுண்டிக் காவல் தலைவரும் விசாரணைக் கைதிகளை வைக்கும் உள்ளூர்ச் சிறையும் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின்) செலவு, நெடுஞ்சாலைக் காவல், நீண்ட தண்டனைக்கான சிறை, பரோல் ஆகியவை மாநிலத்தின் செலவு. கோளாறு இங்கேதான். ஒருவரை மாநிலச் சிறைக்கு அனுப்பக் கோரும் அரசு வழக்குரைஞர் பெரும்பாலும் கவுண்டி அளவில் தேர்ந்தெடுக்கப்படுபவர். அனுப்பினால் கவுண்டிக்குச் செலவில்லை, ஊரிலேயே வைத்துக் கண்காணித்தால் பல மாநிலங்களில் அதன் கையிலிருந்தே பணம் போகும். கலிஃபோர்னியா 2009இல் ஒரு சட்டம் இயற்றி, கண்காணிப்பில் இருப்போர் சிறைக்குத் திரும்புவதைக் குறைக்கும் கவுண்டிகளுக்கு மாநிலத்தின் சேமிப்பில் பங்கு தந்தது. பணத்தின் திசையை மாற்றினால் முடிவெடுப்பவர்களின் போக்கும் மாறும் என்று எண்ணிய இந்தச் சட்டம், அதிகம் பேசப்படாத நல்ல யோசனைகளில் ஒன்று என்பது என் கருத்து.

கேள்வி: குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவியும் வரிப்பணத்திலிருந்துதான் வருகிறதா?

பதில்: பெரும்பகுதி அப்படியல்ல. 1984ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, கூட்டாட்சிக் குற்றங்களில் விதிக்கப்படும் அபராதங்கள் ஒரு தனி நிதியில் சேர்ந்து, அங்கிருந்து மாநிலங்களுக்குப் பகிரப்படுகின்றன. பெருநிறுவன வழக்குகளில் வரும் அபராதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதால், புகலிடங்களுக்கும் ஆலோசனை மையங்களுக்கும் போகும் பணமும் நிலையாக இருப்பதில்லை. வழக்குத் தொடராமல் பேசி முடிக்கும் ஒப்பந்தங்களின் தொகையும் இந்த நிதியில் சேர வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.