மைத்துனரிடம் போகும் 'லாபம்'

கேள்வி: கடனில் வாங்கிய வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறேன். சீசனில் ஆறு மாதம், மாதத்துக்கு 18 இரவு நிரம்பும். மீதி ஆறு மாதம் 10 இரவுதான். சீசனில் தவணை போக மிஞ்சுவதை, இரண்டாவது வீட்டுக்கு முன்பணம் என்று மைத்துனரிடம் கொடுத்து வைக்கிறேன். மற்ற மாதங்களில் கிரெடிட் கார்டை வைத்துத்தான் சமாளிக்கிறேன். எங்கே இடிக்கிறது?

பதில்: மைத்துனர் வாங்கிக்கொள்வது லாபமே இல்லை. அங்கேதான் இடிக்கிறது.

ஒரு இரவு வாடகையை 100 என்று வையுங்கள். உங்கள் கணக்குப்படி தவணை 900. சீசன் மாத வசூல் 1,800. முன்பதிவுத் தளத்தின் கமிஷன் 15 சதவீதம் போனால் 1,530. அதில் தவணையைக் கழித்து, மிச்சம் 630 என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். ஆனால் மற்ற செலவுகளை நீங்கள் கழிக்கவே இல்லை. ஆள் மாறும்போதெல்லாம் சுத்தம் செய்யவும் சலவைக்கும் 30. இரண்டு இரவுக்கு ஒருவர் என்றால் ஒன்பது முறை, 270. மின்சாரம், இணையம், பராமரிப்பு 200. தேய்மானம் 130. மேக்கப் கறை படிந்த துண்டை எத்தனை முறை துவைத்தாலும் அடுத்த விருந்தினருக்குக் கொடுக்க முடியாது. சாவி ஒன்று தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டும். எல்லாம் போக மிஞ்சுவது 30. வரி இன்னும் கழிக்கவில்லை.

மந்த மாதத்தில் வசூல் 1,000. ஆட்கள் குறைவதால் கமிஷன் உட்படச் செலவு 570, தவணை 900. துண்டு விழுவது 470. வருடக் கணக்கில் சுமார் 2,600 பள்ளம். அதைக் கார்டில் நிரப்புகிறீர்கள், மாதம் 3.5 சதவீத வட்டிக்கு!

மாத வாடகைக்கு விட்டால் 750 கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பராமரிப்புக்கு 50 போனாலும் வருடப் பள்ளம் 2,400. ஏறக்குறைய அதே தொகைதான். நள்ளிரவில் 'வைஃபை வரவில்லை' என்று யாரும் எழுப்ப மாட்டார்கள். விதிகள் மாறும் பயமும் குறைவு. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், பதிவு செய்யாமல், உரிமையாளர் உடன் தங்காமல் 30 நாளுக்குக் குறைவாக விட முடியாது. பார்சிலோனா 2028-க்குள் சுற்றுலா வீட்டு உரிமங்களையே நிறுத்தப்போவதாக அறிவித்திருக்கிறது. இந்த நிலையில் இரண்டாவது வீடா?

மைத்துனரிடம் இருக்கும் பணத்தை இந்த மாதமே கேட்டு வாங்கி, முதலில் கார்டு கடனை அடைத்துவிடுங்கள். மந்த காலம் தொடங்கும் முன் மாத வாடகைக்கு ஆள் பாருங்கள். தவணைக்குக் குறையும் 200-ஐ சம்பளத்திலிருந்து கட்ட முடியாதென்றால், வீட்டை விற்பதைப் பற்றிப் பேசுவோம். மைத்துனர் முகம் சுளித்தால் அந்த 2,600 கணக்கை அவர் முன்னால் வையுங்கள். பாதியை அவர் ஏற்கிறாரா என்று கேளுங்கள்.