சின்னக்கானலுக்கு எம்.ஏ.பி., குமுளிக்கு சி.பி.

கேள்வி: மே மாதம் கணவர், மாமியார், 7 வயது மகனுடன் சின்னக்கானல் ரிசார்ட் ஒன்றில் 2 இரவும் தேக்கடியில் 1 இரவும் தங்கப் போகிறோம். ஈ.பி., சி.பி., எம்.ஏ.பி., ஏ.பி. என்று நான்கு விலை சொல்கிறார்கள். எதை எடுப்பது?
- வாசகி, விருதுநகர்

பதில்: ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி.யில் காலை உணவு சேரும். எம்.ஏ.பி.யில் காலை உணவோடு இன்னொரு வேளை, பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. ஏ.பி.யில் மூன்று வேளையும்.

சின்னக்கானலுக்கு யோசிக்காமல் எம்.ஏ.பி. எடுங்கள். மூணாறு டவுனிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் மலைப்பாதை, காட்டு யானை நடமாடும் பகுதி. இருட்டிய பிறகு மாமியாரையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஓட்டல் தேடிக் கிளம்பவே கூடாது. ஏ.பி. வேண்டாம். பகலில் ராஜமலை, மாட்டுப்பட்டி என்று சுற்றுவீர்கள். மதியச் சாப்பாட்டுக்காகத் திரும்பி வந்தால் பாதி நாள் போய்விடும்.

தேக்கடியில் தங்குவது பெரும்பாலும் குமுளி கடைத்தெருவை ஒட்டித்தான். நடக்கும் தூரத்தில் சாப்பாடு கிடைக்கும், சி.பி. போதும். ஆனால் காலை 7.30 படகுக்குப் போவதாக இருந்தால் பஃபே திறப்பதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும். முதல் நாள் இரவே சொன்னால் பார்சல் கட்டித் தருவார்கள். சொல்லாமல் விட்டால் பிரெட்டும் வாழைப்பழமும்தான் வரும். மாமியாருக்கு இட்லி வேண்டும் என்று குறிப்பிட்டே கேளுங்கள்.

நான் மலை விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். அறையைக் காலி செய்யும்போது வரும் தகராறுகளில் பெரும்பாலானவை மூன்றாவது ஆளையும் குழந்தையையும் பற்றியவைதான். சொல்லும் விலை பொதுவாக இருவருக்கானது. 5 வயது வரை பல இடங்களில் இலவசம், அதற்கு மேல் தனிக்கட்டணம். உங்கள் மகன் தனிக்கட்டணத்தில்தான் வருவான். அதனால் முன்பணம் அனுப்பும் முன், "3 பெரியவர், 7 வயதுக் குழந்தை ஒன்று, கூடுதல் படுக்கை, 2 இரவு உணவு, 2 காலை உணவு, வரி உட்பட மொத்தம் இவ்வளவு" என்று வாட்ஸப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். 'எல்லாம் சேர்த்துத்தான் மேடம்' என்று போனில் சொல்வதை நம்பாதீர்கள்.

அப்புறம், சாயங்கால டீ, தண்ணீர் பாட்டில், அறைக்கு வரவழைக்கும் சாப்பாடு இதெல்லாம் பெரும்பாலும் தனி பில்தான். மாமியார் சீக்கிரம் சாப்பிட்டுப் படுப்பவர் என்றால், அறைக்குள் நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள். பஃபே தொடங்குவதற்கு முன்பே ஒரு தட்டு ரசம் சாதம் தருவது சமையலறைக்குப் பெரிய வேலை இல்லை.