பீங்கானும் உடையும், இன்டர்மெட்டாலிக்கும் (ஓர் உலோகம் இன்னொரு தனிமத்தோடு குறித்த விகிதத்தில் சேர்ந்த பொருள்) உடையும். இரண்டையும் கலந்தால் வலு எப்படி வரும்?

மொறட்டுவையில் படிக்கிறேன், புராஜெக்டுக்காகக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் கொழும்பில் பல் லேப்களின் உலைகளைப் பழுதுபார்க்கிறவன், அதனால் கையில் பட்டதிலிருந்தே சொல்கிறேன்.

சிர்க்கோனியாப் பற்களைச் சுமார் 1500 பாகை செல்சியஸில் சுடும் உலைகள் பலவற்றில் கொண்டை ஊசி மாதிரி வளைந்து தொங்கும் சூடேற்றும் எலிமென்ட்கள் மொலிப்டினம் டைசிலிசைட் என்ற இன்டர்மெட்டாலிக்கால் ஆனவை. அதுவும் தனியாக இல்லை, பீங்கான் பக்கத்திலிருந்து கண்ணாடி போன்ற ஒட்சைட்டும் கலந்தே செய்கிறார்கள். ஆக, நீங்கள் கேட்கும் கலப்பு ஏற்கெனவே இங்கே தினமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

குளிரில் அதன் கிளிப்பைக் கொஞ்சம் கூட இறுக்கினால் போதும், சட்டென்று முறிந்துவிடும். சுமார் 1000 பாகையைத் தாண்டினால் அதே பொருள் வளையும், இன்னும் சூடேற்றிச் சுமையும் வைத்தால் மெல்ல மெல்லத் தொய்யும். அதாவது சூட்டில் பிரச்சினை உடைவது இல்லை, இளகுவது. சிலிக்கன் காபைட் என்ற பீங்கானைத் துகளாகவோ இழையாகவோ சேர்த்தால் அந்தத் தொய்வைப் பிடித்து நிறுத்துகிறது, பெரிய ஆதாயம் அங்கேதான். குளிரிலும் விரிசல் துகள்களைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருப்பதால் கொஞ்சம் தாங்கும், ஆனால் உருக்கு மாதிரி ஆகிவிடாது.

அப்புறம், எதை எதோடு சேர்க்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். டைசிலிசைட் சூட்டில் விரிவது சிலிக்கன் காபைட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, எனவே செய்து ஆறவிடும்போது அது சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் நீண்ட இழை விடாது, டைசிலிசைட்டில் தானாகவே விரிசல் விழுந்துவிடும். நாசாவில் இதற்குச் சிலிக்கன் நைட்ரைட் என்ற இன்னொரு பீங்கானை 30 முதல் 50 விழுக்காடு வரை கலந்து விரிவைக் குறைத்தார்கள். அதே நைட்ரைட் 'பெஸ்ட்' (pest) என்கிற, பொருளைப் பொடியாக்கும் இன்னொரு நோயையும் அடக்கியது.

அந்த நோயை 2022 மின்வெட்டு நாட்களில் நேரில் பார்த்தேன். ஒரு லேபில் பற்கள் மஞ்சள் பச்சையாக வரத் தொடங்கின. சிர்க்கோனியாதான் சரியில்லை என்று நினைத்து வேறு வாங்கினார்கள், அதுவும் அப்படியே வந்தது. உலையைத் திறந்தால் எலிமென்டில் மஞ்சள் தூள். உயர்ந்த சூட்டில் மொலிப்டினம் ஒட்சைட் ஆவியாகிப் போய்விடும், சிலிக்கா கண்ணாடித் தோலாக மூடிக் காப்பாற்றும். 500 பாகையை ஒட்டி ஒட்சைட் போகாமல் தூளாகத் தங்கிவிடுவதால் தோல் ஒழுங்காக உருவாகாது. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் உலை அந்த இடைச் சூட்டிலேயே அதிக நேரம் கிடந்திருக்கிறது. உள்ளே துடைத்து, எதுவும் வைக்காமல் முழுச் சூட்டுக்கு ஓட்டியதும் தோல் திரும்ப வந்தது, பற்களும் வெள்ளையாக வந்தன. நுண்துளையும் விரிசலும் உள்ள பொருளாக இருந்தால் முழுத் துண்டுமே பொடியாகியிருக்கும்.

விமான எஞ்சினையும் கேட்டிருந்தீர்கள். டைட்டானியம் அலுமினைட் என்ற இன்னொரு இன்டர்மெட்டாலிக் ஜிஈஎன்எக்ஸ் எஞ்சினின் டர்பைன் பிளேடுகளாகவே பறக்கிறது, ஆனால் பீங்கான் இழை சேர்க்காமல். லீப் எஞ்சினில் சில பாகங்களுக்குச் சிலிக்கன் காபைட் இழையைச் சிலிக்கன் காபைட்டிலேயே வைத்தார்கள், அங்கே விரிவுச் சண்டையே இல்லை.

ஆகவே கலவையைத் தெரிவு செய்யும் முன் இரண்டின் விரிவுக் குணகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 1500 பாகையில் மட்டும் சோதிக்காமல் 500 பாகையிலும் பல மணிநேரம் வைத்துப் பாருங்கள். கழற்றிய பழைய எலிமென்ட் துண்டுகள் என்னிடம் கிடக்கின்றன, வெள்ளவத்தைப் பக்கம் வந்தால் தருகிறேன், முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம்.