ஜிப்சத்தின் கரைதிறன்: இரு பெறுமானங்களைச் சராசரியாக்கலாமா?

வணக்கம். 25 பாகை செல்சியசில் ஜிப்சத்தின் கரைதிறனை ஒரு கட்டுரை இலீற்றருக்கு 2.08 கிராம் என்றும் மற்றையது 2.63 கிராம் என்றும் தருவதால், சராசரியை அட்டவணையில் இடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஜிப்சம் என்பது இரு நீர் மூலக்கூறுகளுடன் கூடிய கல்சியம் சல்பேற்று. இந்த இருநீரேற்றின் மூலர்த் திணிவான 172 ஐ நீரற்ற கல்சியம் சல்பேற்றின் 136 ஆல் வகுத்தால் 1.26 வரும், உங்கள் இரு பெறுமானங்களின் விகிதமும் அதுவே. பெரும்பாலும் இரண்டும் ஒரே அளவீடுதான்; எந்த உப்பின் திணிவாக எழுதினார்கள் என்பதே வேறுபாடு. இரண்டையும் மூலுக்கு மாற்றினால் இலீற்றருக்கு ஏறத்தாழ 0.0153 மூல் என்று ஒன்றுபடும்.

வெப்பநிலையைக் காரணமாக நீங்கள் சந்தேகித்தது நியாயமே, ஏனெனில் 'அறை வெப்பநிலை' என்பது கொழும்பு ஆய்வுகூடத்தில் 30 பாகையைத் தொடும், ஐரோப்பாவில் 20 ஆக இருக்கும். ஆனால் ஜிப்சத்தின் கரைதிறன் 40 பாகையை அண்டி உச்சமடைந்து பின் குறைவதால், இவ்வீச்சில் அது சிறிதளவே மாறும்.

கைந்நூல்களில் திரும்பத் திரும்ப வரும் எண்ணை ஒரே சான்றாக மட்டும் எண்ணுங்கள். மூலக் கட்டுரையில் கரைசலுடன் இருந்த திண்மம் ஜிப்சம்தானா எனச் சோதித்தார்களா, நிரம்பாத கரைசலிலிருந்தும் மீநிரம்பிய கரைசலிலிருந்தும் சமநிலையை அணுகினார்களா என்று பாருங்கள். இவற்றைக் குறிப்பிடாத பெறுமானத்தை நானாயின் ஐயத்துக்குரியது எனக் காட்ட அடைப்புக்குறிக்குள்தான் இடுவேன்.