புல்தரை வேண்டாம் என்றால் வேறு என்ன? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம், நல்ல வெயில். கொரியன் புல் பதித்தோம். பங்குனி பிறந்தால் திட்டுத்திட்டாகக் காய்கிறது. மழை பெய்தால் புல்லை விடக் கோரைதான் அதிகம் நிற்கிறது. வெட்ட ஆளும் கிடைப்பதில்லை. அடிக்கடி கவனிக்கத் தேவையில்லாத தரை உண்டா?
– வாசகி, தக்கலை

பதில்: கோடையில் புல்தரையிலிருந்து ஒரு நாளில் சுமார் 5 மி.மீ. நீர் ஆவியாகிப் போகும். ஒரு சென்ட் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். அதாவது சென்டுக்கு 200 லிட்டர், உங்கள் இடத்துக்குத் தினமும் 600 லிட்டர். அதைக் கொடுத்தாலும் திட்டுகள் சரியாகாமல் போகலாம். காய்ந்த இடத்தில் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். இரண்டு மூன்று அங்குலத்திலேயே சரளோ, வீடு கட்டிய மிச்சமோ தட்டினால் வேர் இறங்க வழியில்லை என்று பொருள்.

வெயில் இடத்துக்கு எங்கள் முதல் தேர்வு பொடுதலை. வயல் வரப்பிலும் குளத்தங்கரையிலும் கிடக்கிற அதே செடிதான், நாற்றுப்பண்ணையைத் தேடிப் போக வேண்டாம். ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டுத் தரையோடு படரும், மிதித்தால் சாகாது, ஒரு கோடையை அரைகுறைத் தண்ணீரில் கடந்துவிடும்.

ஆனால் முதல் வேலை கோரையை ஒழிப்பது. இதைத் தள்ளிப்போட்டால் செலவெல்லாம் வீண். கோரைக்கு மண்ணுக்குள் சங்கிலியாகக் கிழங்குகள் உண்டு. மேலே இருப்பதை மட்டும் பிடுங்கினால் சங்கிலி அறுந்து, அதுவரை உறங்கிக் கிடந்த அடிக்கிழங்குகள் முளைக்கத் தொடங்கும். மாசியில் ஒரு சாண் ஆழம் கொத்தி, கிழங்குகளைப் பொறுக்கி வெயிலில் உலர்த்துங்கள். பிறகு தரையை நனைத்து விடுங்கள். இரண்டு வாரத்தில் மிச்சமுள்ளவை தலைகாட்டும். மறுபடி தோண்டி எடுங்கள். குறைந்தது மூன்று சுற்று. மெல்லிய கறுப்பு பாலித்தீன் விரிப்பதால் பயனில்லை, கோரையின் கூர்முனை அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

இடவப்பாதியின், அதாவது தென்மேற்குப் பருவத்தின், முதல் பலத்த மழை ஓய்ந்த பிறகு நடுங்கள். அடைமழையில் நட்டால் தண்டுகள் மண்ணோடு அடித்துக்கொண்டு போகும். அரை அங்குலம் மட்கிய சாணம் பரப்பிக் கொத்திச் சேர்த்தால் போதும். நான்கைந்து கணுவுள்ள தண்டுகளை எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஓரடி இடைவெளியில் நடலாம். சென்டுக்கு 450 தண்டு பிடிக்கும். மழை இல்லாத நாட்களில் மட்டும் முதல் மூன்று வாரம் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தரை மூடிவிடும்.

இதற்கும் குறை உண்டு. பூத்தால் தேனீ மொய்க்கும், வெறுங்காலோடு ஓடும் குழந்தைகளைக் கொட்டும். பூ நிறைந்த சமயத்தில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். வருடத்துக்கு மூன்று முறைக்கு மேல் தேவைப்படாது. காய்கறிப் பாத்தி பக்கத்தில் இருந்தால் இடையே செங்கல்லை நெட்டுக்குத்தாக ஆறு அங்குலம் புதையுங்கள். அதையும் தாண்டி மேலால் வருகிற கொடியை அவ்வப்போது நறுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நாற்றுப்பண்ணைகளில் மஞ்சள் பூவோடு 'வெடேலியா' தருவார்கள், மிக வேகமாகப் பரவும் என்பார்கள். உண்மைதான், ஓடைக்கரையையும் பக்கத்து விளையையும் சேர்த்தே பிடித்துவிடும். பிறகு ஒழிப்பது பெரும்பாடு. அதன் இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மருந்துக்கு வளர்க்கும் மஞ்சள் கரிசாலை இதற்கு நெருங்கிய உறவு, ஆனால் இலை மடல் பிரியாது. அதை வளர்ப்பதில் பயமில்லை.

கேள்வி: எங்கள் முற்றத்தில் பாதி பலா, அயனி நிழல், மீதி தென்னை. அங்கே புல்லே நிற்பதில்லை. ஜல்லி போட்டு மூடிவிடலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: இலை உதிரும் மரத்தடியில் ஜல்லி போடாதீர்கள். சவறு, அதாவது உதிர்ந்த இலை, கல்லிடுக்கில் போய் மட்கும், இரண்டு மழைக்காலத்தில் அதுவே மண்ணாகிக் களை முளைக்கும். விளக்குமாறும் போடமுடியாது.

இலேசான நிழலுக்கு அரக்கிஸ் பின்டோய் என்னும் அலங்கார நிலக்கடலை பொருந்தும். அரை அடிக்கு மேல் அதிகம் உயராது, மஞ்சள் பூ பூக்கும், பயறு வகை என்பதால் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். அரையடித் தண்டுகளைக் கால் மீட்டர் இடைவெளியில் நட்டால் சென்டுக்கு 640 வேண்டும். மூட நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை களை எடுக்காமல் விட்டவர்கள்தான் 'பிடிக்கவில்லை' என்கிறார்கள். மாடு, ஆடு விரும்பித் தின்னும், வேலி பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டத்து மூடுபயிரான பியூரேரியாவைச் சும்மா கிடைக்கிறதே என்று கொண்டுவர வேண்டாம், அது மரத்தில் ஏறி மூடும்.

பலாவின் அடியில், வெயிலே விழாத இடத்தில், எதுவும் நடாதீர்கள். விழுந்த சவறையே மூன்று அங்குலத்துக்குப் பரப்பி விடுங்கள். அடிமரத்திலிருந்து அரையடி தள்ளியும், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளியும். ஒட்டிப் போட்டால் மரப்பட்டை அழுகும், வீட்டுக்குக் கரையான் வரும். தென்னையைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு நூறு தொண்டுகளை (தேங்காய் மட்டைகளை) கவிழ்த்து அடுக்கலாம். மலர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும்.

கேள்வி: கடலுக்குப் பக்கம், வெறும் மணல், உப்புக்காற்று. என்ன நட்டாலும் கருகுகிறது.
– வாசகி, மணவாளக்குறிச்சி

பதில்: பொடுதலை இங்கும் தாங்கும், மணலில் இரண்டு அங்குலம் மட்கிய தென்னை நார்க்கழிவு கலந்தால். பச்சை நார்க்கழிவு வேண்டாம். அது மட்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் செடி மஞ்சளாகும். காற்று நேராக அடிக்கும் பக்கத்தில் அடும்பங்கொடி. ஒன்றுமே கலக்காமல் மணலில் வளரும், ஆனால் நடைபாதையில் காலைத் தட்டும், ஆகவே ஓரத்துக்கு மட்டும்.

கேள்வி: நான்கு சென்ட் முற்றம் முழுக்க இன்டர்லாக் பதிக்க விலை பேசியிருக்கிறோம். களை, சகதி இரண்டும் தீரும் அல்லவா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தீரும். ஆனால் 50 மி.மீ. மழையில் நான்கு சென்டில் 8,000 லிட்டர் விழும். பெரும்பகுதி கிணற்றுக்கு ஊறாமல் வாசலுக்கோ தெருவுக்கோ ஓடும். வெயில் காலத்தில் கல்லின் சூடு மாலை வரை இறங்காது.

கார் போகிற இரண்டு தடத்துக்கு மட்டும் ஓட்டையுள்ள கிராஸ் பேவர் போடுங்கள். அடியில் 40 மி.மீ. ஜல்லி ஆறு அங்குலம் இறுக்கி, மேலே இரண்டு அங்குலம் மணல். ஓட்டைகளை மண்ணால் நிரப்பும்போது அரை அங்குலம் குறைத்தே நிரப்புங்கள். விளிம்பு வரை நிரப்பினால் சக்கரம் செடியை நசுக்கும். மரமில்லாத மற்ற இடத்துக்கு 20 மி.மீ. ஜல்லி இரண்டு அங்குலம்: சென்டுக்கு 73 கன அடி. அடியில் பாலித்தீன் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், தண்ணீர் தேங்கி ஜல்லி சரியும். நீர் இறங்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை ஒன்றன் மேல் ஒன்று அரையடி ஏறும்படி விரியுங்கள். செயற்கைப் புல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உச்சி வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். குழந்தைகள் விளையாடும் வீட்டுக்கு வேண்டாம்.

கேள்வி: படர்கொடி வைத்தால் பாம்பும் ஆப்பிரிக்க நத்தையும் தங்காதா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பாம்பைப் பொறுத்தவரை, நான்கு அங்குலத்துக்குள் வைத்திருந்தால் மறைவு குறைவு. சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்கு ஜல்லிப் பட்டை விடுங்கள். விறகு, ஓடு அடுக்கியிருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்.

நத்தை கட்டாயம் வரும். மாலையில் நனைத்த சாக்கை விரித்து, கீழே பப்பாளி இலையோ முட்டைக்கோசு இலையோ வையுங்கள். காலையில் கையுறை போட்டுப் பொறுக்கி, வாளியில் கெட்டியான உப்புக்கரைசலில் போடுங்கள். வெறுங்கையால் தொடக்கூடாது, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். செத்தவற்றைக் கிணற்றிலிருந்து தள்ளிக் குழி வெட்டிப் புதையுங்கள். உப்பைத் தரையில் தூவாதீர்கள், நத்தையோடு நட்ட கொடியும் கருகும்.