ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் லேடீஸ் சைக்கிளுக்கு இனி விற்பனை இருக்குமா?

தேவிபட்டினம் பக்கம் கடை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் வாங்குகிறவர்கள் மாறிவிட்டார்கள். 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. அந்த வயதுக்குக் கடையில் வாங்குவது குறைவு. வேலைக்குப் போகும் பெண்களில் பலர் ஸ்கூட்டிக்கு மாறிவிட்டார்கள். ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிற பெண்பிள்ளைகளை நம்பிச் சரக்கு எடுங்கள்.

அப்புறம் உப்புக்காற்று. செயினும் ஸ்போக்ஸும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் அலுமினிய ரிம், செயினை முழுதாக மூடும் கவர் உள்ள வண்டியாகப் பாருங்கள். துப்பட்டா சிக்காதபடி பின்சக்கரத்துக்குத் தடுப்பு கட்டாயம் வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். இலவச சைக்கிள்களுக்குப் பழுது பார்ப்பதும் உதிரிபாகமும் வருடம் முழுக்க வருமானம் தரும்.