கடல் தெரியும் அறைக்கு இரட்டிப்பு வாடகை கொடுக்கலாமா?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் அப்பா, அம்மாவோடு இத்தாலியின் சிங்க்வே தெர்ரே போகிறோம். மூன்று இரவு தங்கல். அம்மாவுக்கு முழங்கால் வலி. அங்கே கடலோரமாக இருக்கும் ஐந்து ஊர்களில் (மொன்தெரோஸ்ஸோ, வெர்னாஸா, கோர்னிலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே) எங்கே தங்கினால் கடல் நன்றாகத் தெரியும்? கடல் தெரியும் அறைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு வாடகை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் குடும்பத்துக்கு அது வீண் செலவு. படங்களில் பார்த்து நீங்கள் ஆசைப்பட்டது, பாறைமேல் நெருக்கியடித்து நிற்கும் மஞ்சள், இளஞ்சிவப்பு வீடுகளும் அவற்றின் காலடியில் அலையும். அந்த வீடுகளில் ஒன்றுக்குள் தங்கினால் அந்தக் காட்சி உங்களுக்குக் கிடைக்காது. ஜன்னலுக்கு வெளியே நீர்ப்பரப்பு இருக்கும், அதுவும் இருட்டும்வரைதான். போதாததற்கு, கடல் தெரியும் அறைகள் பெரும்பாலும் மேல்மாடியில் இருக்கும். பழைய வீடுகள் என்பதால் லிஃப்ட் இருப்பது அபூர்வம். குறுகலான செங்குத்துப் படிகளில் அம்மா தினமும் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

தங்குவதற்கு மொன்தெரோஸ்ஸோதான் சரி, அதிலும் ஃபெஜினா பக்கம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே எதிரே கடற்கரை. சாலை சமதளம். மணலில் உட்கார்ந்து கடல் பார்க்க வசதியான ஊர் ஐந்தில் இது ஒன்றுதான். கோர்னிலியாவைத் தங்கலுக்கு யோசிக்கவே வேண்டாம். கடலிலிருந்து சுமார் நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிலையத்திலிருந்து ஊருக்கு 382 படிகள். சிற்றுந்து ஓடுகிறது என்றாலும் பெட்டிகளோடு தொல்லை. முன்பதிவு செய்யும்போது வீட்டுக்காரரிடம், ‘நிலையத்திலிருந்து கட்டில்வரை மொத்தம் எத்தனை படி?’ என்று எண்ணிக்கையாகவே கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் ‘விஸ்தா மாரே பர்ஸியாலே’ என்றிருந்தால், இரண்டு சுவர்களுக்கு நடுவே கொஞ்சம் கடல் தெரியும், அவ்வளவுதான்.

மொன்தெரோஸ்ஸோவுக்கு ஒரு குறை உண்டு. ஊருக்குத் தென்மேற்கில் புன்தா மெஸ்கோ மலைமுனை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதால், மாலைச் சூரியன் கடலைத் தொடுமுன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். அதனால் மாலையில் ரயிலேறி மனரோலா போய்விடுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. (ரயிலிலிருந்தே கடல் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள், பெரும்பாலும் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள்தான் ஓடும்.) ஜூன் மாதத்தில் மனரோலாவிலும் சூரியன் மெஸ்கோ பக்கத்து மலைகளில்தான் மறையும். நீங்கள் போகும் செப்டம்பர் கடைசியில் அது நேர் மேற்கே, திறந்த கடலில் இறங்கும். ஏழே கால் வாக்கில் மறையும். ஆறு மணிக்கே அங்கே இருங்கள்.

மனரோலாவில் நிற்க வேண்டிய இடம் புன்தா போன்ஃபிலியோ. படகுத்துறையிலிருந்து பாறையோரமாக வளைந்து ஏறும் நடைபாதை. மேலே ஊரின் கல்லறைத் தோட்டம். அம்மா உச்சிவரை போக வேண்டியதில்லை. பாதையின் முதல் வளைவிலேயே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், துறையில் இழுத்து வைத்த சிறு படகுகள், அவற்றுக்கு மேலே கறுத்த பாறை, பாறை எங்கே முடிகிறது வீட்டுச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாத அந்த அடுக்கு எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். மாலை வெயில் அந்தச் சுவர்களில் நேராக அடிக்கும். இந்தக் கரை முழுக்கத் தென்மேற்கு பார்த்தது. காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இருப்பதால் ஊர்கள் நிழலில் கிடக்கும். ஊரைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் பிற்பகலில்தான்.

படகுக்கும் இதே கணக்கு. காலையில் ரயிலில் ரியோமஜ்ஜோரே போங்கள். அங்கிருந்து மனரோலாவுக்குப் பாறையைக் குடைந்த ‘வியா தெல் அமோரே’ பாதை, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, பெரிய ஏற்றமில்லை. 2012-ல் பாறை சரிந்ததால் மூடப்பட்டு 2024-ல்தான் திறந்தார்கள். நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். அம்மாவின் காலுக்கு ஏற்ற கடலோர நடை இதுதான். பிற்பகலில் மனரோலாவிலிருந்து படகில் மொன்தெரோஸ்ஸோ திரும்புங்கள். வலப்பக்கம் உட்காருங்கள், கரை அந்தப் பக்கம்தான் வரும். கோர்னிலியாவில் துறை இல்லாததால் படகு நிற்காது, ஆனால் அந்த ஊர் மலைமேல் ஒட்டிக்கொண்டிருப்பது கடலிலிருந்துதான் நன்றாகத் தெரியும். வெர்னாஸாவில் இறங்கித் துறையோரம் ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த படகைப் பிடிக்கலாம்.

அலை கொஞ்சம் பெரிதானாலும் படகுகளை நிறுத்திவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் இங்கே மழை திடீரென்று கொட்டும். 2011 அக்டோபர் 25 அன்று வந்த வெள்ளம் வெர்னாஸாவையும் மொன்தெரோஸ்ஸோவையும் சேற்றில் புதைத்தது. வானிலை எச்சரிக்கை வந்தால் மலைப்பாதைகளையும் மூடிவிடுவார்கள். எனவே படகைக் கடைசி நாளுக்கு ஒத்திவைக்காதீர்கள். போய்ச் சேர்ந்த மறுநாள் கடல் அமைதியாக இருந்தால் அன்றே ஏறிவிடுங்கள்.